மூன்றாவது கடிதம்

அப்பாவின் கன்னத்தில் சோப்பு நுரை தடவிக்கொண்டிருந்தபோது தங்கை வந்து கதவில் சாய்ந்து நின்றாள். டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. வாரத்துக்கு இரண்டு முறை அப்பாவுக்குச் சவரம் செய்வது என் வேலை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய வலது பக்கம் வேறு யாருடையதோ போல் தொங்கிக்கிடந்தது. அந்தப் பக்கத் தோலை இரண்டு விரல்களால் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் கத்தியை இறக்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் வெட்டிவிடும், வெட்டினாலும் அவருக்குத் தெரியாது, ரத்தத்தைப் பார்த்துத்தான் நமக்கே தெரியும்.

"அக்கா, ஒரு லெட்டர் எழுதித் தரியா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான். என்னப் பத்தி."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கத்தி கையில் இருக்கும்போது நான் யாரையும் பார்ப்பதில்லை.

அவள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். ஆங்கில இலக்கியமும் கதை எழுதுவதும் சேர்ந்த படிப்பு. கதை எழுத ஒரு படிப்பு இருக்கிறது என்பதே எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். ஆறு இடங்களைத் தேர்ந்தெடுத்திருந்தாள். எடுத்துக்கொண்டால் படிப்பு இலவசம், அங்கேயே சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தால் சம்பளமும் உண்டு. அதனால்தான் எங்களைப் போன்ற வீட்டில் அதைப் பற்றிப் பேசவே முடிந்தது. ஒவ்வொரு இடமும் இருபத்தைந்து பக்கத்துக்குக் கதை கேட்டது, ஏன் வர விரும்புகிறாய் என்று ஒரு கட்டுரை கேட்டது, அவளை அறிந்த மூன்று பேரிடமிருந்து மூன்று சிபாரிசுக் கடிதங்கள் கேட்டது. இரண்டு கடிதங்கள் கிடைத்துவிட்டன. ஒன்று அவள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவந்த டியூஷன் சென்டர் முதல்வர் எழுதியது, இன்னொன்று கல்லூரியில் அவளுக்குக் கவிதை நடத்திய ஆசிரியை எழுதியது. மூன்றாவது, துறைத்தலைவராக இருந்த பேராசிரியர். அவருடைய பெயருக்குத்தான் மதிப்பு அதிகம். அவர் சிரித்துக்கொண்டே, "நீயே எழுதிக் கொண்டாம்மா, நான் கையெழுத்து போட்டுத் தரேன். எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். தங்கை அவருக்கு 'முத்திரை' என்று பெயர் வைத்திருந்தாள்.

"பத்து தடவை ஆரம்பிச்சேன். என்னையே நான் புகழ்ந்து எழுதறது, கண்ணாடி முன்னாடி நின்னு கைதட்டற மாதிரி இருக்கு. வரவே இல்ல."

"எனக்கு என்னடி இங்கிலீஷ் தெரியும்? ஆஸ்பத்திரி இங்கிலீஷ்."

"அதான் வேணும். உன் இங்கிலீஷுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனா 'நோயாளி சிகிச்சையை நன்றாகத் தாங்கிக்கொண்டார்'னு மட்டும் எழுதிடாத."

அப்பா சிரித்தார். பாதி முகம்தான் சிரிக்கும். மற்ற பாதியை நான் இழுத்துப் பிடித்திருந்தேன்.

நான் ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் பதினாறு வருடங்களாக டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சு செய்கிறேன். டாக்டர்கள் கிறுக்கிக் கொடுப்பதை, சில சமயம் வாயால் சொல்லிப் பதிந்து அனுப்புவதை, ஒழுங்கான வாக்கியங்களாக்க வேண்டும். என்ன குறையோடு வந்தார், என்ன செய்தோம், எந்த நிலையில் போகிறார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சூப்பரின்டெண்ட் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்: "எல்லாம் நல்லா இருக்குன்னு மட்டும் எழுதின ரிப்போர்ட்ட எவனும் நம்ப மாட்டான். மோசமா ஒரு வரியாவது இருக்கணும். அது இருந்தாதான் மத்ததெல்லாம் நிஜம்." அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த ஒரு வரி மட்டும் என் விரல்களில் தங்கிவிட்டது. காய்ச்சல் குறைந்தது என்று அடித்தால், பசி இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை என்றும் அடித்தால்தான் என் கை அமைதியாகும்.

"நீ எழுதிக் குடு. அதுவரைக்கும் அப்பாவுக்கு ஷேவிங் நான் பண்றேன்" என்றாள் தங்கை. "டீல்?"

எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் 'பாதி'. நாலு வயதில் அப்பா வைத்தது. பால் குடித்தால் பாதி தம்ளர் மிச்சம், படம் வரைந்தால் யானைக்குப் பின்னங்கால் இருக்காது. குளித்துவிட்டு வந்தால் ஒரு காது காய்ந்தே இருக்கும். வளர்ந்த பிறகும் அப்படித்தான். ஜன்னல் விளிம்பில், மேசைக்கு அடியில், அலமாரி மேல் என்று வீடு முழுக்க அவள் விட்டுப்போன தேநீர்க் கோப்பைகள் ஆடை கட்டிக் கிடக்கும். அவளுடைய கதைகளும் அப்படியே. எனக்குப் படிக்கக் கொடுப்பாள். நன்றாக இருக்கும். லிஃப்ட் இயக்கும் ஒருவனைப் பற்றி ஒரு கதை எழுதியிருந்தாள், அவன் யாருடைய முகத்தையும் பார்க்காமல் செருப்புகளை வைத்தே எந்த மாடி என்று சொல்வான். அதைப் படித்த பிறகு எங்கள் மருத்துவமனை லிஃப்டில் நான் என் காலை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் அது ஒன்பதாம் மாடிக்குப் போகும் வழியில் நின்றுவிடும். "மிச்சம் எங்கடி?" என்று கேட்டால், "அவ்ளோதான் தெரியுது அக்கா" என்பாள்.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவிடம் மூன்று சொற்கள் மிஞ்சின. 'வா', 'இல்ல', 'பாதி'. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், சிலருக்கு இப்படிச் சில சொற்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், அதற்கு அர்த்தம் தேடாதீர்கள் என்றாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் அவர் 'பாதி' என்பார். திரும்பிப் படுக்க வேண்டுமென்றாலும் பாதி, வலித்தாலும் பாதி. அவரைத் துடைப்பதும் திருப்புவதும் ஊட்டுவதும் பெரும்பாலும் நான். நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் என் முகத்தைப் பார்த்து "பாதி, பாதி" என்பார். முப்பத்தெட்டு வருடங்களாக என்னைக் கூப்பிட்ட பெயர் அவருக்குள் எங்கேயோ விழுந்துபோயிருந்தது. அர்த்தம் தேடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தேடினேன்.

அன்று மாலை அவள் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். விண்ணப்பத்தில் ஒரு சின்னக் கட்டம். இந்தக் கடிதங்களைப் பார்க்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தது. விண்ணப்பிப்பவர் பார்க்க மாட்டார் என்றால்தான் எழுதுபவர் உண்மையை எழுதுவார், அப்போதுதான் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு என்று விளக்கினாள்.

"பாரு, டிக் பண்ணிட்டேன். இனிமே நான் பாக்கக் கூடாது. நீ என்ன வேணா எழுதலாம்."

"என்ன வேணான்னா? நீ எம்மேல போன வாரம் கத்தினத எழுதட்டுமா?"

"எழுது. 'குரல் வளம் உடையவர்'னு எழுது."

இரண்டு பேரும் சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை நேரம் கொஞ்சம் நீண்டுவிட்டது. அன்று தங்கைக்கு வகுப்பு இல்லை, அப்பாவை அவள் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மாலை ஐந்தரைக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கன்னம் வழவழவென்று இருந்தது. வலது கன்னத்தில் நுரை காய்ந்து, வெள்ளைப் பொருக்காக வெடித்து, கழுத்துவரை இறங்கியிருந்தது. மடியில் துண்டு. கிண்ணத்தில் தண்ணீர் ஆறிப்போய், அதில் கத்தி கிடந்தது. லுங்கி நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தார் என்று அவரால் சொல்ல முடியாது. தங்கை அடுத்த அறையில் கட்டிலில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ. அக்கா, ஒரு வரி வந்துச்சு, எழுதி வெச்சுட்டு ஓடி வந்துடலாம்னு… சத்தியமா அஞ்சே நிமிஷம்தான்னு நெனச்சேன்."

ஓடிப்போய் அப்பாவின் காலடியில் மண்டியிட்டாள். "சாரிப்பா. பாதி வேலைக்குப் பாதி சம்பளம் குடு போதும்" என்றாள். அப்பா சிரித்தார். நுரைப் பொருக்கு உதிர்ந்து துண்டில் விழுந்தது. அவர் கையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார், நல்ல கையை. நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெந்நீர் வைக்கப் போனேன். அன்று நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் மதிய இடைவேளையில், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அலுவலகக் கணினியில் அந்தக் கடிதத்தை அடித்தேன். பேராசிரியரின் குரலில் எழுத வேண்டும். கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. இவரைப் போல் பேச்சைக் கேட்கும் காதுள்ள மாணவியை நான் பார்த்ததில்லை என்று எழுதினேன். மனிதர்கள் பேசாமல் விட்டதையும் இவரால் எழுத முடிகிறது என்று எழுதினேன். லிஃப்ட்காரன் கதையைச் சொன்னேன். டியூஷன் பிள்ளைகளின் தாள்களைச் சிவப்பு மையால் திருத்தினால் பயப்படுகிறார்கள் என்று பச்சை மை வாங்கி வைத்திருப்பதையும், உயிருள்ள ஒரு வாக்கியத்தைப் பார்த்தால் மட்டும் ஓரத்தில் ஒரு டிக் போடுவதையும், ஒரு கட்டுரைக்கு ஒன்றுக்கு மேல் போடாததையும் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. எல்லாம் உண்மை. படித்துப் பார்த்தேன். எல்லாம் நல்லதாக இருந்தது. என் விரல்கள் அமைதியாகவில்லை.

சிபாரிசு எழுதுபவருக்கான படிவத்திலேயே ஒரு கேள்வியும் இருந்தது, இவர் எந்த விதத்தில் இன்னும் வளர வேண்டும் என்று. அதற்காகத்தான் எழுதினேன் என்று பல மாதங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் எழுதிய வாக்கியம் இது, தமிழில் சொன்னால்: "தொடங்கிய எதையும் இவர் முடித்து நான் பார்த்ததில்லை, இவருடைய கதைகள் முடிவதில்லை, நின்றுபோகின்றன, வீட்டில் உடல்நலமற்ற தந்தை இருப்பதால் இந்தப் படிப்பையும் இவர் இடையில் விட்டுச் செல்ல நேரலாம்."

முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது உண்மையல்ல. அது நான் விரும்பியது.

அடித்து முடித்து அச்செடுத்தேன். கடிதத்தைப் பேராசிரியரின் மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். அவர் எதையும் தாளில்தான் படிப்பாராம், அதனால் ஒரு பிரதியும் வேண்டும் என்று கேட்டிருந்தார். பழுப்பு உறையில் போட்டு, அலுவலகப் பசையைத் தடவி, மேலே பேப்பர்வெயிட்டை வைத்து ஒட்டினேன். பக்கத்து இருக்கைக்காரி சாப்பிட்டுவிட்டு வந்து, "என்ன, காதல் கடிதமா? இந்த வயசுல?" என்றாள். அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். காலையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து மாலைவரை வாய் மூடாது. "ஆமா, உங்களுக்குத்தான்" என்றேன்.

வீட்டில் உறையைத் தங்கையிடம் கொடுத்தேன். கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மாலையில் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன், வந்து எதிரில் உட்கார்ந்து அவளும் ஒன்றை எடுத்து மடித்தாள்.

"குடுத்துட்டியா?"

"ம். முத்திரை கையிலயே குடுத்தேன்." சட்டையின் சுருக்கத்தை நீவிக்கொண்டே, "அக்கா, நீ நல்லா எழுதுவ, தெரியுமா?" என்றாள்.

என் கை நின்றுவிட்டது. "படிச்சியா?"

"இல்லையே. உன் டிஸ்சார்ஜ் சம்மரி எத்தன பாத்திருக்கேன்." சட்டையை மடித்து முடித்தாள், கைகளை உள்ளே திருப்பி, காலரை அழுத்தி. அடுத்ததை எடுத்தாள். அன்று கூடையில் இருந்த எல்லாவற்றையும் அவளே மடித்து முடித்தாள். அதை நான் அப்போது கவனித்தேனா, பிறகு நினைத்துக்கொண்டேனா என்று எனக்கு இப்போது தெரியவில்லை.

ஆனால் ஜனவரியில் கவனித்தேன். ஜன்னல் விளிம்பில் இருந்த கோப்பையை எடுத்தபோது அது லேசாக இருந்தது. உள்ளே பார்த்தேன், காலி. அடுத்த நாளும் காலி. அப்பாவின் சட்டையில் இரண்டு பொத்தான்கள் ஒரு வருடமாக இல்லாமல் இருந்தன, அவை வந்திருந்தன. ஒரு சனிக்கிழமை அப்பாவுக்கு முழுச் சவரமும் செய்து, காதோரம் கத்தரித்து, நெற்றியில் பவுடர்கூடப் போட்டு உட்கார வைத்திருந்தாள். வயது வந்துவிட்டது, பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் முடிவதற்குள் ஆறு பதில்களும் வந்தன. ஆறும் இல்லை. அவள் போனை நின்றுகொண்டே படிப்பாள், படித்துவிட்டு மேசைமேல் குப்புற வைப்பாள். தகுதியுள்ள விண்ணப்பங்கள் மிக அதிகமாக வந்திருந்தன என்று எல்லாவற்றிலும் இருந்தது. "ஆறு பேரும் ஒரே ஆளு மாதிரியே எழுதறாங்க. உங்க பழைய சூப்பரின்டெண்ட் அங்க போய்ச் சேந்துட்டாரா?" என்றாள். நான் சிரிக்க முயன்றேன். ஆறாவது வந்த அன்று மட்டும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகு நேரம் குழாயைத் திறந்து விட்டிருந்தாள். வெளியே வந்தபோது முகம் மட்டும்தான் நனைந்திருந்தது.

"அடுத்த வருஷம் திரும்பப் போடலாம்டி" என்றேன்.

"பாப்போம்" என்றாள்.

ஆறு இடங்களிலும் அந்த வாக்கியத்தைப் படித்திருப்பார்கள். அல்லது படித்திருக்க மாட்டார்கள். கதையைப் படித்துவிட்டே வேண்டாம் என்றிருக்கலாம். எனக்கு வழியே இல்லை, தெரிந்துகொள்ள. எத்தனையோ முறை அவளிடம் சொல்லிவிட வாயைத் திறந்தேன். சொன்னால் அவள் போய்விடுவாள் என்று பயமில்லை, அவள்தான் போக முடியாமல் இங்கேயே இருந்தாளே. சொன்ன பிறகும் இங்கேயே இருப்பாள் என்பதுதான் பயம். காலையில் எழுந்து, அதே சமையலறையில், எதிரெதிரே.

ஜூன் மாதம் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவரைப் புரட்டிப் பிடித்திருந்தேன். அவள் நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு முடிச்சுட்டேன்."

"என்னத்த?"

"கதைய. ஒன்பதாவது மாடி வரைக்கும் போயிட்டான்."

"சரி. அந்தத் துண்ட எடு."

நோட்டைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். பிறகு மறுபக்கம் வந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்தக் கதையைக் கேட்டு வாங்கவில்லை. அவளும் மறுபடி சொல்லவில்லை.

அக்டோபர் மழையில் டியூஷன் சென்டருக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்த தெருவில் முழங்கால்வரை தண்ணீர் நின்றது. சாக்கடையும் அதுவும் ஒன்றாகிவிட்டிருந்தன. அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கு நாட்கள் அதில் நடந்து போய் வந்தாள். தேர்வு நேரம், பிள்ளைகள் வருவார்கள், பாதியில் விட முடியாது என்றாள். புதுச் செருப்பு கடித்து அவள் குதிகாலில் ஒரு புண் இருந்தது. காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். மூன்றாம் நாள் காலை, ஜன்னலைத் திறந்தபோது, அவள் கண்கள் மஞ்சளாக இருந்ததைப் பார்த்தேன். பதினாறு வருடங்களாக அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்திருக்கிறேன், எலிக்காய்ச்சல். எங்கள் மருத்துவமனையில்தான் சேர்த்தேன். சிறுநீரகங்கள் முதலில் நின்றன. ஒன்பது நாள்.

கிடைத்திருந்தால் ஆகஸ்டிலேயே விமானம் ஏறியிருப்பாள். அந்த மழை பெய்தபோது வேறு ஒரு நாட்டில், நூலகம் ஒன்றின் ஜன்னலோரத்தில், காலுறை போட்ட கால்களோடு உட்கார்ந்திருப்பாள். நான் போடும் கணக்கு எப்போதும் இங்கே வந்து முடிகிறது, வேறெங்கும் போவதில்லை.

அவளுடைய சம்மரி எங்கள் பிரிவுக்குத்தான் வந்திருக்கிறது. ரேடியோ அதை எடுத்துத் தட்டச்சு செய்தாள் என்று பிறகு சொன்னார்கள். அன்று முழுவதும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லையாம். எல்லோரும் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்களாம்.

மூன்று வாரம் கழித்துப் பேராசிரியரைப் பார்க்கப் போனேன். துக்கம் விசாரிக்க அவர் வந்திருந்தார், அன்று கேட்க முடியவில்லை. அவர் அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டுத்தான் அனுப்பியிருப்பார் என்று ஒரு நம்பிக்கை எனக்குள் வளர்ந்திருந்தது. படித்த மனிதர், ஒரு மாணவியைப் பற்றி அப்படி ஒரு வரி போக விடமாட்டார். அவர் வாயால் அதைக் கேட்டுவிட வேண்டும். அவருடைய அறையில் தரையிலிருந்து ஜன்னல்வரை ஆய்வேடுகள் அடுக்கியிருந்தன. ஒரு நாற்காலியில் இருந்ததைத் தூக்கி இன்னொன்றின்மேல் வைத்து, "உக்காரும்மா" என்றார்.

கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு சீசனுக்கு நாப்பது அம்பது லெட்டர் போகுதும்மா. படிச்சேன்னு சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆகும். மெயில்ல வந்ததுல கையெழுத்த ஒட்டி அனுப்பிடுவேன். உன் தங்கச்சி நல்ல பொண்ணு, நல்லாத்தானே எழுதியிருக்கும்னு…" பாதியில் நிறுத்தினார். "ஏன், அதுல ஏதாவது தப்பா?"

நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது.

"செப்டம்பர்ல அவ ஒரு தடவ என்னப் பாக்க வந்தா" என்றார். "இந்த வருஷமும் போடறேன் சார்னா. சரி, புதுசா ஒரு லெட்டர் எழுதிக் கொண்டா, போன வருஷத்துது பழசுன்னேன். 'இல்ல சார், அதுவே போகட்டும். அதுல ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம்'னா. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னா. அது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கு."

பிறகு, ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும், எழுந்து அலமாரியைத் திறந்து தேடினார். கீழ்த்தட்டில் பழைய விடைத்தாள்களுக்கு நடுவிலிருந்து ஒரு பழுப்பு உறையை இழுத்தெடுத்துத் தூசி தட்டினார். திருப்பிப் பார்த்தவர் முகம் சுருங்கியது. "பிரிக்கவே இல்ல போலிருக்கே" என்றார், என்னைப் பார்க்காமல். "நீயே வெச்சுக்கோம்மா."

நான் ஒட்டிய உறைதான். ஆனால் என் பசைக்கு மேல், மடிப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, கண்ணாடி டேப் ஒட்டியிருந்தது. சுருக்கம் இல்லாமல், ஓரங்களை நேராகக் கத்தரித்து, விரலால் நீவி அழுத்தி ஒட்டியது. டேப்புக்கு அடியில் என் பசை கிழிந்திருந்த இடம் தெரிந்தது. டேப் முழுசாக இருந்தது. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் கொடுத்த தேநீரைக் குடித்து முடித்தேன். நன்றி சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் நின்று, அப்பாவின் சவரக் கத்தியால் டேப்பை அறுத்தேன். முதல் பக்கத்தில் எதுவும் இல்லை. அவளுடைய காதைப் பற்றி, லிஃப்ட்காரனைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி நான் எழுதியிருந்த எதற்கும் எதுவும் இல்லை. இரண்டாம் பக்கத்தில், அந்த வாக்கியம் தாளில் மூன்று வரிகளாக ஓடிய இடத்தில், ஓரத்தில் ஒரு பச்சை டிக். கீழ் வரியின் பக்கத்தில் தொடங்கி மேல் வரிவரை ஏறியிருந்தது. மூன்றில் எதற்கு என்று சொல்ல முடியாது. டிசம்பரில் போட்டிருக்கிறாள். டிசம்பரிலிருந்து அக்டோபர்வரை எனக்கு எதிரில் உட்கார்ந்து தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்திருக்கிறாள்.

பிள்ளைகளின் தாள்களில் அவள் டிக் போடுவதைப் பார்த்திருக்கிறேன். பேனா தாளைத் தொட்டதும் தெரியாது, எடுத்ததும் தெரியாது, ஒரே வீச்சு. இது அப்படி இல்லை. தொடங்கிய இடத்தில் மை பரவி, கடுகளவு வட்டமாக ஊறியிருந்தது. பேனாவை அங்கே வைத்து, எடுக்காமல், வெகு நேரம் இருந்திருக்கிறாள்.

எனக்குப் பின்னால் அப்பா, "பாதி" என்றார். தண்ணீரா, திரும்பிப் படுக்கவா என்று தெரியவில்லை. இன்னொரு முறை சொன்னார். நான் தாளைத் திருப்பினேன். எதுவும் எழுதாத பின்பக்கம். வெளிச்சத்தில் பிடித்தபோது பக்கத்தின் நடு உயரத்தில், ஓரமாக, அந்தப் புள்ளி மட்டும் இந்தப் பக்கம்வரை ஊறி வந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். பச்சையாகவே இருந்தது.